ஒரு கட்டம் மேலே

நதியாவின் வலது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் காலையிலிருந்தே மரத்துக் கிடந்தன. அந்தக் கையையும் கொடுத்துத்தான் அப்பாவின் தலைப்பக்கம் பிடித்திருந்தாள். இடுப்பில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீட்டின் ஓனர் தங்கதுரை, கால்மாட்டில் தம்பி தனுஷ். மூன்று பேருமாக மூக்கையாவை ஐஸ் பெட்டிக்குள் இறக்கினார்கள். கண்ணாடி மூடியைப் போட்டு ஒயரைச் செருகியதும் பெட்டி உறுமத் தொடங்கியது.

காலர் நிட்டிங் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்ற நெஞ்சு. ஆறு மாதமாகக் கட்டிலே கதி. அம்மா ஒச்சம்மாளும் தனுஷும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் நதியாதான் துணை. அவளுக்கு வீட்டிலேயே வேலை. பழைய வீடியோ கேம்களில் வருகிற மாதிரிக் கட்டம் கட்டமாகத் தெரியும் ஆட்களை டேப்லெட்டில் வரைந்து கொடுப்பாள். முப்பத்திரண்டு கட்ட உயரத்துக்குள் ஒரு முழு ஆள். கண்ணுக்கு ஒரே ஒரு கட்டம். சும்மா நிற்கும்போதும் அந்த ஆள் மூச்சு விட வேண்டும். அதற்கு நெஞ்சை ஒரு கட்டம் மேலே ஏற்றி இறக்கினால் போதும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதைக் கட்டிலில் கிடந்த அப்பாவைப் பார்த்துத்தான் எண்ணினாள்.

"எம் மூச்சக் களவாண்டு வித்துப்புட்டா" என்று அவர் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும்.

இன்று பதினொரு மணிக்கு அந்த நெஞ்சு ஏறவில்லை. நதியா மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. அம்மாவுக்கும் தம்பிக்கும் போன் பண்ணினாள். ஆறு மாதமாக எதிர்பார்த்த சாவு. அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் யாரும் வந்து பார்க்கவில்லை.

மூன்று மணி இருக்கும். பெட்டியோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சின்மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணி ஒரு கட்டம் மேலே ஏறியது. இறங்கியது.

கண்ணை மூடித் திறந்தாள். மறுபடி ஏறியது.

எந்தக் கையால் பார்த்தோம்? வலது கை. காலையில் டீ டம்ளரின் சூடுகூடத் தெரியாத விரல்கள்.

தனுஷைக் கூப்பிட்டு, நெஞ்சு ஏறி இறங்குகிறது என்று சொல்லி மூடியைத் திறக்கச் சொன்னாள். சொந்த ஊர் உசிலம்பட்டியிலிருந்து சனம் வந்து சேர இருட்டிவிடும், திறந்தால் கூலிங் போய்விடும் என்று அவன் தட்டிக்கழித்தான்.

தங்கதுரை குனிந்தார். "மனசு அப்படித்தான் காட்டுங் கண்ணு. தொறக்க வேண்டாஞ் சாமி."

"மரத்த வெரல வச்சுப் பாத்துட்டேன்டா தனுஷு," என்றாள் நதியா. "மூச்சு வந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காதுடா."

தனுஷ் தங்கதுரையைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். ஒச்சம்மாளின் ஒப்பாரி பாதியில் நின்றது.

"தொற" என்றாள்.

மூடி விலகியது. நதியா இடது கையை மூக்கடியில் வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். சில்லென்றிருந்தது. நெஞ்சில் காது வைத்தாள். மோட்டார் சத்தம்தான் கேட்டது. தனுஷ் பிளக்கைப் பிடுங்கினான். சத்தம் நின்றது. துணியின் ஆட்டமும் நின்றது. அவள் அப்படியே கிடந்தாள், கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை.

"மோட்டார்தான் ஆட்டியிருக்கு. பாத்துட்டல்ல?" என்றான் தனுஷ்.

பார்த்துவிட்டாள். இப்போது மூச்சில்லை. பதினொரு மணிக்கு? பெட்டிக்குள் இறக்கியபோது? மூடியைப் போட்ட பிறகு எவ்வளவு நேரம்? கேட்க வாயெடுத்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

தனுஷ் பிளக்கைச் செருகினான். பெட்டி மறுபடி உறுமியது.

மடியில் போன் அதிர்ந்தது. அவளுக்கு வேலை கொடுக்கும் கோயம்புத்தூர் தரணீதரன். நிற்கிற, நடக்கிற, ஓடுகிற படமெல்லாம் வந்துவிட்டது, மீதி எப்போது என்று கேட்டு மெசேஜ் போட்டிருந்தார். நதியா போனைக் கவிழ்த்து வைத்தாள். கேமில் வரும் அந்த ஆள் விழுந்து சாகிற ஆறு படம் அவள் இன்னும் கொடுக்க வேண்டும்.