மூன்று வருஷ வாரண்டி

"ஒரு வருஷமா, மூணு வருஷமா, அதை மட்டும் சொல்லிடுங்க மேடம்" என்றார் விற்பனையாளர். இதோடு நான்காவது தடவை. "சாவி கைக்கு வர்றதுக்கு முன்னாடி எடுத்தாத்தான் வாரண்டியை நீட்டிக்க முடியும். வண்டி வாசலைத் தாண்டிடுச்சுன்னா, நானே நினைச்சாலும் முடியாது."

வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். பழைய கார் விற்பவர்களுக்கு அந்தச் சிரிப்பை எங்கேதான் பொருத்திவிடுகிறார்களோ. அவளுக்கு அந்த நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடலாம் போல இருந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் இது சேர்க்கை நடக்கும் வாரம். காலையிலிருந்து பெற்றோர்களின் கத்தலைக் கேட்டுவிட்டு, தலைமை எழுத்தரின் முறைப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"அவர் வந்துடட்டும்" என்றாள்.

அவள் கணவர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார். சாம்பல் நிறக் காரின் முன்மூடியைத் தூக்கிவைத்து, ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் பக்கம் காதைக் கொடுத்துக் குனிந்திருந்தார். கையில் பென்சில், முழங்கையில் கட்டு. அந்தக் கட்டுக்கு அடியில்தான் வாரத்துக்கு மூன்று நாள் ஊசி ஏறுகிறது. அவருடைய சிறுநீரகங்கள் கைவிட்டு நான்கு வருஷம் ஆகிறது. மூன்று நாளும் அவள்தான் ஓட்டிக்கொண்டு போவாள். நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்து எழுந்தால் அவருக்குக் கால் நிற்காது. அப்படிப்பட்ட ஆளைப் பஸ்ஸில் ஏற்றுவது நடக்கிற காரியமா?

போன மாதம் பழைய கார் பாலத்தின் நடுவில் கழுத்தறுத்துவிட்டது. பின்னால் வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டியதே தவிர ஒருவரும் நிறுத்தவில்லை. அன்றைய முறை தவறிப்போனது. மறுநாள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, அவசரப் பிரிவில் சேர்த்து, இரண்டு நாள் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை இப்படி ஆகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பினார். அதனால்தான் இந்த வண்டி. அதனால்தான் இந்த வாரண்டிப் பேச்சும்.

அவர் முப்பத்தொரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அந்தத் தொழிலில் ஒவ்வொரு லிப்டுக்கும் ஒரு அட்டை உண்டு. மோட்டார் அறைக் கதவில் தொங்கும். எந்தப் பாகம் இன்னும் எத்தனை மாதம் தாங்கும், எப்போது மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் அதில் எழுதிவைக்க வேண்டும். அவருடைய கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அட்டைகளைப் பார்த்து நல்ல எழுத்தில் எழுதிக் கொடுத்ததெல்லாம் அவள்தான். ஒரு மோட்டார் அறையைக்கூடக் கண்ணால் கண்டதில்லை, ஆனாலும் அந்தச் சாமான்களின் பெயரெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

காரையும் லிப்ட் மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷர். விற்பனையாளர் முதல் தடவை வாரண்டி என்று வாயெடுத்ததுமே ஒரு வெள்ளைத் தாளும் அரை மணி நேரமும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மெதுவாக உள்ளே வந்து உட்கார்ந்தார். விற்பனையாளர் டீ சொல்லட்டுமா என்றார். இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். அவருக்குக் குடிக்கிற தண்ணீருக்கெல்லாம் அளவு. அவர் முன்னால் எதையும் குடிப்பதை அவளும் நான்கு வருஷமாக விட்டுவிட்டாள்.

"சார், நீங்களாவது சொல்லுங்க. மூணு வருஷம்னா நிம்மதியா இருக்கலாம்."

"பேட்டரிக்கு உண்டா?" என்றார் அவர்.

"பேட்டரி தேய்மானத்துல வரும் சார்."

"பெல்ட்டு? பிரேக்கு?"

"அதுவும் தேய்மானம்தான் சார்."

"கெட்டுப்போற சாமானுக்கெல்லாம் கிடையாது. கெடாத சாமானுக்கெல்லாம் உண்டு. லிப்ட் ஒப்பந்தத்துல நாங்களும் இப்படித்தான் எழுதுவோம்" என்று சொல்லி, தாளை அவளிடம் நீட்டினார். "ஒரு வருஷம் போதும்."

விற்பனையாளரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. விண்ணப்பத்தை எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளறைக்குப் போனார்.

அவள் தாளைப் பார்த்தாள். பேட்டரி, பத்து மாதம். பெல்ட், பதினொண்ணு. முன் பிரேக், எட்டு. அதற்குக் கீழே கியர் பாக்ஸ், ஸ்டியரிங், ஏசி கம்ப்ரசர் என்று பெரிய சாமான்கள். அவற்றுக்கு நேராக மாதக் கணக்கு இல்லை. ஆறு இடத்தில் வெறும் படுக்கைக் கோடு போட்டிருந்தது.

அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அட்டை எழுதும்போது கேட்டிருக்கிறாள். இடிக்கப்போகிற கட்டடத்து லிப்டுக்குத்தான் அந்தக் கோடு போடுவோம் என்று சொன்னார். சாமான் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது கெடுவதற்கு முன்னால் கட்டடமே போய்விடும், அதற்கு எதற்குச் செலவு?

அவள் தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

"இந்தக் கோடு எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்குற."

"டாக்டர் ஏதாவது சொன்னாரா? என்கிட்ட மறைக்கிறீங்களா?"

"டாக்டர் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் நினைச்சேன். இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம். அதுக்கப்புறம் மெஷினை நிறுத்திடலாம்னு இருக்கேன். வேணாம்னு சொல்ற உரிமை எனக்கு உண்டுன்னு அவரே ஒரு தடவை சொல்லியிருக்கார்."

கடைத்தெருவில் எதையோ வேண்டாமென்று விட்டுவிட்டு வருவது போல அவர் இதைச் சொன்ன விதத்தில் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"கேக்கத் தேவையில்ல. அந்த ஆளு முதல்ல மூணு வருஷம்னு சொன்னாரே, அப்ப உன் முகத்தைப் பாத்தேன்."

அவள் பொய் சொல்லலாம். ஆனால் எட்டாவது மாடியில் எழும் சின்ன கரகரப்பைக் கீழே நின்றே கண்டுபிடிக்கிற காதிடம் பொய் எடுபடுமா? இன்னும் மூணு வருஷமா என்றுதான் அவளுக்குத் தோன்றியது. திங்கள், புதன், வெள்ளி. மூடி மூடித் திறக்கும் அந்த ஆஸ்பத்திரிக் கதவு, காத்திருக்கிற கூடத்தில் ஒரு கால் ஆடும் பெஞ்சு, திரும்பும் வழியெல்லாம் பேசாமல் வரும் அவர். இன்னும் மூணு வருஷம். நினைத்த மாத்திரத்தில் உடம்பெல்லாம் கனத்துப்போனது நிஜம்தான்.

"உன்னைக் குறை சொல்லல" என்றார் அவர். "உன் இடத்துல நான் இருந்திருந்தா எப்பவோ ஓடியிருப்பேன்."

"ஆமா, தோணுச்சு" என்றாள் அவள். "இன்னும் மூணு வருஷமான்னுதான் தோணுச்சு. தோணாம இருக்க நான் என்ன கல்லா? முப்பத்தொரு வருஷம் விடியக்காலையில எந்திரிச்சு உங்களுக்குச் சாப்பாடு கட்டினேன். ஒருநாளாவது அலுப்பில்லாம எந்திரிச்சிருப்பேன்னு நினைக்கிறீங்களா? அதுக்காக நீங்க இல்லாம இருந்தா நல்லாருக்கும்னு நினைச்சேனா?"

அவர் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அலுப்பா இருக்குன்னா அலுப்பா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அதுக்கு மேல நீங்களா கோடு போடாதீங்க."

வெளியே சாம்பல் நிறக் கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு தொழிலாளி போய் அதை அணைத்தான்.

"இதே அலுப்போட மூணு வருஷம் வருவியா?"

"அலுப்போடதான் வருவேன். சிரிச்சுக்கிட்டே வருவேன்னு மட்டும் எதிர்பாக்காதீங்க."

விற்பனையாளர் விண்ணப்பத்தோடு வந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து, "ஒரு வருஷம்தானே சார்?" என்றார்.

அவள் கணவரைப் பார்த்தாள். இந்த ஒரு பதிலை அவளால் சொல்ல முடியாது. அது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். விற்பனையாளர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டார்.

"மூணாவது வருஷம் கியர் பாக்ஸ் போச்சுன்னா முழுசா மாத்திக் கொடுப்பீங்களா, இல்ல அதுக்கும் தேய்மானம்னு ஒரு கதை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.