தோற்சுருள் உலர்ந்திருந்த நாள்

ரோக்காநெக்ராக் கோட்டைப் பெட்டியில் சத்தியங்களை எழுதி வைத்திருந்த ஆட்டுத்தோற்சுருள்கள் அவ்வாண்டு மூன்றுமுறை குருதி கசிந்தன. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு கிண்ணம். கோட்டையைப் பறிப்பதில்லை என்று இலத்தீனில் சத்தியம் செய்த குதிரைவீரர் மூவர் அடுத்தடுத்து வாக்கு மீறினர். முதலாமவன் மாவரைக்கும் ஆலையை எரித்தான். இரண்டாமவன் மேய்ப்பர் எழுவரைக் கிணற்றில் தள்ளினான். மூன்றாமவன் கோட்டைத்தலைவனைத் திராட்சைத் தோட்டத்தில் தலைவேறு உடல்வேறாக்கினான். மூவர்மீதும் ஒரு கீறல்கூட விழவில்லை. பெட்டியைத் துடைத்துத் துடைத்துக் கைசிவந்த, அத்தலைவனின் கைம்பெண் ஆல்தியார்தாவுக்குக் காரணம் விளங்கியது: சொன்னவனுக்கே புரியாத சத்தியத்துக்கு அவனுக்குப் பதிலாக ஆடு தண்டனை அனுபவித்தது.

இனிச் சத்தியம் செய்ய எஞ்சியவன் கணவனின் தம்பி இசார்ன். அவனும் மீறினால் அவளும் ஐந்து வயது மகளும் மதிலிலிருந்து வீசப்படுவார்கள். ஆகவே, திருப்பாடல்களின் இலத்தீனையன்றி வேறெதையும் எழுதியறியாத பாதிரியார் தெயூதேயிடம், சத்தியத்தை ஊர்ப்பேச்சில் எழுதச் சொன்னாள்.

“அம்மா, அது கோவேறு கழுதையத் திட்டுற பேச்சு. அதப் போயி எழுதினா ஆண்டவர் என்ன நெனப்பாரு?”

“கழுதைக்கே புரியுதுல்ல சாமி? என் கொழுந்தனுக்கும் புரியும். எழுதுங்க.”

தேதியும் சாட்சிகளும் இலத்தீனில் நின்றன. நடுவே, ஆலயத்துள் நுழைந்த ஆடுபோல, ஊர்ப்பேச்சில் நான்கு வரிகள். வழக்கப்படி தாயின் பெயர் சொல்லி, புனிதரின் எலும்புப்பேழைமேல் வலக்கையை வைத்தான் இசார்ன். “கார்சிந்தா மகன் நான், இந்த நேரத்துலேருந்து கோட்டைய உங்ககிட்டேருந்து பறிக்கமாட்டேன், பறிக்கிறவனோட சேரமாட்டேன்.” சம்மதமா என்று பாதிரியார் கேட்க, “ஒக்” என்றான், அந்நாட்டில் ஆம் என்பதற்கு அதுவே சொல். பிறகு சிரித்தான். “என்ன அண்ணி, சந்தையில வெங்காயத்துக்குப் பேரம் பேசின மாதிரி இருக்கு!”

அறுவடைக்கு முன்னரே அவன் முப்பது பேரோடு வந்தான். வாயிற்காவலனை வெட்டிச் சாய்த்து, குழந்தையின் கூந்தலைப் பற்றி மதில்மேல் இழுத்துச் சென்றான். ஆல்தியார்தா ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள், தோல் உலர்ந்திருந்தது. அக்கணமே மதில்மேல் இசார்னின் வலக்கை மணிக்கட்டோடு கழன்று, கூந்தலை மெல்ல விடுவித்துக் கீழே விழுந்தது. உடற்குருதி முழுதும் வடியும்வரை அவன் நின்றுகொண்டே இருந்தான். முப்பது பேரும் தத்தம் கைகளைப் பார்த்தபடி படியிறங்கினர்.

பிறகு அண்டைக் கோட்டைகளும் அவ்வாறே எழுதுவித்தன. நடுவில் நின்ற வரிகள் ஆண்டுக்காண்டு விளிம்பை நோக்கிப் பரவ, நூறாண்டில் இலத்தீனுக்குத் தேதி மட்டும் மிஞ்சியது. வடநாட்டார் அவ்வரிகளைக் கேட்டுவிட்டு, இது நம் பேச்சன்று என்றனர். ஒக் என்னும் சொல்லாலேயே அம்மொழியைச் சுட்டலாயினர். இசார்னின் கை இன்றும் அதே பெட்டியில் இருக்கிறது. மகளின் வழிவந்த பெண்கள் ஈஸ்டர்தோறும் அதற்கு நகம் வெட்டுகிறார்கள். வெட்டாமல் விட்டால் சுருள்களைக் கிழித்துவிடும்.