சம்மதம் என்ற வாசல்

சேற்றில் ஒரு வாசல் நிற்கிறது, கதவு இல்லை, கூரை இல்லை, இருபுறமும் கருங்கல் தூண், நடுவே வானம், ஆறு வருஷம் நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடந்த எல்டர்கில் கிராமத்துத் தேவாலயம் இந்தக் கோடை வறட்சியில் தலைகாட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டதுமே தோர்ன்மியர் பிரபு வண்டி பூட்டச் சொல்லிவிட்டார், எழுபத்துநாலு வயதில், இடுப்பு வலியோடு, பதினோரு பண்ணைக்கும் மூன்று பஞ்சாலைக்கும் சொந்தக்காரர், இரண்டு முறை மந்திரியாக இருந்தவர், இடிந்த வாசல் ஒன்றைப் பார்க்க இத்தனை தூரம் வந்து நிற்கிறார், பார்க்கப் பார்க்க வாசல் இரண்டாகிறது.

லண்டனில், பிரபுக்கள் சபையில் வாசல்கள் இரண்டு, சம்மதம் என்பவர்கள் வலது வாசலில் நுழைய வேண்டும், சம்மதமில்லை என்பவர்கள் இடது வாசலில், அங்கே காலால்தான் ஓட்டு, முப்பது வருஷம் அந்தக் காலால் நடந்தவர் அவர், ஆனால் இப்போது அங்கே பட்டு நாற்காலியின் நுனியில் தபிதா உட்கார்ந்திருக்கிறாள், இல்லை, அது லண்டன் இல்லை, அவருடைய மாளிகை, மசோதாவுக்கு முந்தின மாசம், எல்டர்கில்லில் அவருடைய நிலத்தை உழுத சைலஸின் விதவை, நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக ஊரையே மூழ்கடிக்கப் போகிறார்களாமே என்று கேட்க நனைந்த பூட்ஸோடு நடந்தே வந்திருந்தாள். வீடு போனா போகட்டும் பிரபு, என் சைலஸ் அந்தக் கல்லறைத் தோட்டத்துல கிடக்கிறார், உயிரோட இருந்தப்பவே ஆத்தைத் தாண்டப் பயந்த மனுஷன், அவரைத் தண்ணிக்குள்ள போட்டுடாதீங்க. மசோதாவிலிருந்து உன் ஊர்ப் பெயரையே எடுத்துவிடச் சொல்கிறேன் என்றார், சம்மதம்தானே பிரபு என்று அவள் இன்னொரு தரம் கேட்டாள், சம்மதம் என்றார், அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதில் தன்னைப் பற்றி அவருக்கே பெருமை தாங்கவில்லை, ரயிலில் லண்டன் போகிற வழியெல்லாம் அதையே வாயில் போட்டு மென்றுகொண்டு போனார்.

பிரமாதமாகத்தான் பேசினார், முக்கால் மணி நேரம், ஆத்துக்குப் பயந்த மனுஷனைப் பற்றிச் சொன்னபோது இரண்டு பிஷப்புகள் மூக்கைச் சிந்தினார்கள், அப்புறம் ஓட்டெடுப்பு, அந்தச் சபையின் வழக்கமே தலைகீழ், பெயரை எடுத்துவிடலாமா என்று யாரும் கேட்பதில்லை, அந்தப் பெயர் மசோதாவில் இருக்கட்டுமா என்றுதான் கேட்பார்கள், ஊரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சம்மதமில்லை என்று இடது வாசலுக்குப் போக வேண்டும், புதிதாக வந்தவன்கூட ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுகிற சங்கதி, பிரபுவின் மனசிலோ சம்மதம் சம்மதம் என்று மணி அடித்துக்கொண்டிருந்தது, கால் வலது பக்கம் நடந்தது. நாற்பத்தொன்றுக்கு நாற்பது. ஒரே ஓட்டில் எல்டர்கில் முழுகிப் போனது, அந்த ஓட்டு அவருடையது.

கிளப்பில் மற்றப் பிரபுக்கள் தோளைத் தட்டினார்கள், கெட்டிக்காரர் ஐயா நீர், பேச்சு விதவைக்கு, ஓட்டு பஞ்சாலைக்கு. நகரத்திலிருக்கும் தன் பஞ்சாலைகளுக்கும் அந்தத் தண்ணீர்தான் வரும் என்ற ஞாபகமே அன்றைக்கு அவருக்கு இல்லை, சத்தியமாக இல்லை, ஆனால் யாரிடம் போய்ச் சத்தியம் செய்வது, தவறுதலாக வாசல் மாறிப் போய்விட்டேன் என்று தபிதாவுக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை, அந்தத் தவறுதலாக என்ற சொல்தான் பத்து வருஷமாக அவரைத் தின்கிறது.

சேற்றில் யாரோ நடக்கிற சத்தம், கனவா என்று திரும்பிப் பார்க்கிறார், தபிதாதான், பூட்ஸைக் கையில் பிடித்திருக்கிறாள், கிழவியாகிவிட்டாள், புருஷனைப் பார்க்க வந்திருக்கிறாள், வேறெதற்கு வருவாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. அந்த வாசலுக்குத் தெரிஞ்சு போனீங்களா பிரபு, தெரியாமப் போனீங்களா. தெரியாமல்தான் என்று சொல்ல வாய் திறக்கிறார், கடிதத்தில் எழுதியதுதானே, அதையே சொல்லிவிட்டால் தீர்ந்தது, ஆனால் வாசல் எதிரே நிற்கிறது, அந்த வலது வாசல்தான், அன்றைக்கு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, அந்த இடத்தில் நின்றபோது அவருக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது, ஐயோ, இது இல்லை, அந்தப் பக்கம், திரும்பிப் பார்த்தார், பின்னால் பிரபுக்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், ஒருவர் வாயோரத்தில் சிரிப்பு அரும்பியிருந்தது, தன் தீர்மானத்துக்கே வாசல் தெரியாத கிழவன் என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சிரிக்கும், முன்னாள் மந்திரியாம். உள்ளே போய்விட்டார்.

வாசப்படியில தெரிஞ்சுது தபிதா, திரும்பி வர வெட்கமா இருந்தது.

அவள் அழவில்லை, ஏசவுமில்லை. ஒரு எட்டுதானே பிரபு என்றாள், அவ்வளவுதான், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் கூரையில்லாத தேவாலயத்துக்குள் நுழைந்து மறுபக்கத்துக் கல்லறைகளைப் பார்த்துச் சேற்றில் நடக்கிறாள், சைலஸ், சைலஸ் என்று கூப்பிட்டுக்கொண்டே போகிறாள், கூடப் போக வேண்டும், போய் அந்த மனுஷனிடமும் சொல்ல வேண்டும், பார்க்க இங்கே ஒருவருமில்லை, சிரிக்க ஒருவருமில்லை, கதவுகூட இல்லை, ஒரு எட்டுதான், பிரபுவுக்குக் கால் எழவில்லை.