காலடியில் கிடந்த கொடி

சாய்சரண் கொண்டுவந்த தேசியக் கொடிகளின் கட்டைப் பார்த்ததுமே தேவானைக்கு மனசு ஒப்பவில்லை. கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் அவள் தெரு வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவன் கேமராவும் கையுமாக அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தான். மேற்கு மாம்பலத்துக்காரனாம். ஊரான் வீட்டுக்கு இவ்வளவு அக்கறையா?

"கொடியக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்தா, போலீஸ் கை வைக்க யோசிப்பாங்கக்கா," என்றான்.

"உன்ன யாரு அனுப்புனது நைனா?" என்றாள் தேவானை. அவன் ஆளுக்கொரு கொடியாக நீட்டிக்கொண்டே நகர்ந்தான்.

மறுநாள் காலை எல்லாரும் சாலையில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து இழுத்தது. தள்ளுமுள்ளு அடங்கியபோது அவள் கணவன் முருகையனின் செருப்புக்கடியில் ஒரு கொடி கிடந்தது.

மற்றவர்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்துவைத்துச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். முருகையன் மட்டும் வரவில்லை. ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"தேசியக் கொடிய மிதிச்சிருக்கான். மூணு வருஷ ஜெயில் வரைக்கும் போகும்," என்றார் எஸ்.ஐ. பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்டக் காலி பண்றோம்னு எல்லாரும் கையெழுத்து போட்டுக் குடுங்க. பாக்கலாம்."

திரும்பும் வழியெல்லாம் தேவானை கூட்டிக்கழித்துப் பார்த்தாள். கொடி தந்தவன் அவன். கூட்டத்தில் பிடிபடாதவனும் அவன் ஒருத்தன்தான். "அந்தக் கேமராக்காரன் போலீஸ் ஆளு," என்று தெருவில் சொன்னாள். அதற்குமேல் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் சாய்சரண் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். அவன் வாய் திறக்குமுன் தேவானையின் தம்பி புகழேந்தி அவன் முகத்தில் ஒன்று விட்டான். கேமராவைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தான்.

சாய்சரண் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். "அதுலதான்க்கா படம் இருந்துச்சு. அண்ணன் கையிலேர்ந்து கொடியப் பிடுங்கிக் கீழ போட்டது ஒரு போலீஸ்காரர். கேமராவப் பறிச்சுடுவாங்கன்னு நாள் பூரா ஒளிஞ்சிருந்தேன். நேரா இங்கதான் வரேன்."

புகழேந்தி இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் இறங்கித் துழாவினான். சேறுதான் கையில் வந்தது.

யாரும் கையெழுத்துப் போடவில்லை. முருகையனுக்கு ஜாமீன் கிடைத்தது, வழக்கு மட்டும் தொடர்ந்தது. அந்தத் தள்ளுமுள்ளில் கொடி எப்படிக் கையை விட்டுப் போனது என்று அவனுக்கே தெரியவில்லை. சாட்சி சொல்லச் சாய்சரண் தானாகவே முன்வந்தான். ஆனாலும் தேவானைக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தானே?

சைதாப்பேட்டை கோர்ட் வாசலில் அவனைத் தனியாக நிறுத்தினாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். வேறொன்று வந்தது.

"மெய்யாலுமே அதுல இருந்துச்சாப்பா?"



"உங்கள நம்ப வைக்க எங்கிட்ட இனிமே ஒண்ணும் இல்லக்கா. பாத்தத ஜட்ஜ்கிட்ட சொல்றேன்."

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். அவன் படியேறினான். முருகையனும் தேவானையும் பின்னால் போனார்கள்.