தலையிலிருந்து இறங்கிய எண்கள்

அச்சகத்தில் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். விசைப்பலகையில் விரல் ஓடுகிற வேகம் அப்படி. வேகத்தோடு பிழையும் ஓடிவரும் என்பது வேறு விஷயம். அட்டை ஒட்டும் மேசையிலிருந்து கணினிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் முதலாளியம்மா ஒரு முழு வேலையை நம்பிக் கொடுத்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கான கணக்குப் பயிற்சி நூல், அடுக்குகள் பாடம்.

"இது சுத்தமா வந்தா கம்ப்யூட்டர் உனக்கு. சொதப்புன, மறுபடியும் பசை டப்பாதான். மூணு மணிக்கு மெஷினுக்குப் போகணும்."

ஒரு மணிக்கு எழுத்துருவை மாற்றினாள். மாற்றிய கையோடு சேமித்தும் தொலைத்தாள். அப்புறம்தான் திரையைப் பார்த்தாள். எண்களின் தலைமேல் பொடியாக உட்கார்ந்திருந்த எண்களெல்லாம் கீழே குதித்து, பக்கத்து எண்ணின் தோளில் கைபோட்டு நின்றன.

பக்கத்து மேசையில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். கூடப் பிறந்த அக்காதான். வீட்டிலும் திருத்துவாள், இங்கேயும் திருத்துவாள்.

"என்னடி இது? 23 × 24 = 27ஆ? எந்த ஊர்க் கணக்கு?"

"கத்தாதக்கா! முதலாளியம்மா காதுல விழுந்தா நான் காலி."

"எழுதின டீச்சருக்குப் போன் போடு."

"பரீட்சை ஹால்ல இருக்காங்க. அஞ்சு மணி வரைக்கும் போன் ஆஃப்."

"அவங்க குடுத்த ஃபைல்?"

"அதுமேலதான் சேவ் பண்ணினேன்."

"அடிப்பாவி! சரி, அழுவாத. கடைசி எண்ணையெல்லாம் ஒரே அமுக்கா அமுக்கி மேல ஏத்திவிட்டுடு."

அமுக்கியிருப்பாள். இரண்டாவது கேள்வி கையைப் பிடித்தது: 25 × 125 = 55. ஏற்றினால் 2⁵ × 12⁵ = 5⁵ என்று வரும். பன்னிரண்டே ஐந்தைவிடப் பெரிசு. அதை ஐந்து தடவை பெருக்கி, மேற்கொண்டும் பெருக்கினால் எப்படிக் குறையும்?

பள்ளியில் அடுக்கு விதிகளை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த அன்றே மறந்தவள் அவள். விதி ஞாபகமில்லை. வெட்டிப் போட்ட காகிதத் துண்டை எடுத்து, எல்லாவற்றையும் விரித்தே எழுதிப் பார்த்தாள்.

(2×2×2) × (2×2×2×2).

"அக்கா! மொத்தம் ஏழு ரெண்டு! 2³, 2⁴ பெருக்கினா 2⁷!"

"அப்ப 25?"

"அது அஞ்சு பெருக்கல் அஞ்சு. 125ல மூணு அஞ்சு. சேர்த்தா மொத்தம் அஞ்சு அஞ்சு. விடை மட்டும் 5⁵. மத்த ரெண்டும் தரையிலயே நிக்கட்டும்."

அக்காவுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இங்க பாரு, (23)2 = 26. மூணும் ரெண்டும் அஞ்சுதானே? டீச்சரே தப்பு விட்டிருக்காங்க."

"இல்லக்கா. மூணு ரெண்டு இருக்கிற மூட்டைய ரெண்டு தடவ வைக்கணும். எண்ணு. ஆறு!"

"அட! அப்ப 23 + 22 = 12? இதுல அஞ்சு வரணும்ல? பன்னெண்டு எங்கேர்ந்து குதிச்சுது?"

மின்னல் காகிதத்தையே முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நடுவுல கூட்டல்க்கா! எட்டும் நாலும் பன்னெண்டு. அது பொறந்ததுலேர்ந்தே பன்னெண்டு. அத மேல ஏத்தினா பாவம்!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, ஏற்ற வேண்டியதை மட்டும் ஏற்றினாள். துண்டுக் காகிதம் மேசையை மூடித் தரைக்கும் வழிந்தது. மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கடைசிக் கேள்வியில் நின்றபோது, தோளுக்குப் பின்னால் முதலாளியம்மாவின் குரல்.

"24 = 42. சரியா, தவறா. என்னம்மா, புரட்டிப் போட்டு அடிச்சிருக்க? தரையெல்லாம் எதுக்கு இவ்வளவு பேப்பர்?"

மறைக்க வழியில்லை. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். "ஆனா இது புரட்டல் இல்லம்மா. நாலு ரெண்டைப் பெருக்குங்க, பதினாறு. ரெண்டு நாலைப் பெருக்குங்க, அதுவும் பதினாறு. 2⁴ = 4². சரி!"

முதலாளியம்மா பேனாவைப் பிடுங்கினார். தானே விரித்து எழுதினார். புருவம் உயர்ந்தது. "அட, ஆமா! அப்ப 2³ம் 3²ம்?"

"எட்டு, ஒம்போது. மயிரிழைல தப்பிடுச்சும்மா."

முதலாளியம்மா திரையில் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். துண்டுக் காகிதங்களோடு ஒத்துப் பார்த்தார்.

"இறக்கினதும் நீ, ஏத்தினதும் நீ. ஒண்ணுகூடத் தப்பில்ல," என்றார். "அடுத்த பாடமும் நீயே போடு. பசை டப்பாவுக்கு வேற ஆள் பாக்குறேன்."

அக்கா மேசைக்கடியில் அவள் தொடையைக் கிள்ளினாள்.

"மணி மூணு!" மெஷின்காரர் உள்ளேயிருந்து கத்தினார். "பக்கம் வருதா, வரலையா?"

"இருப்பா!" என்று முதலாளியம்மா துண்டுக் காகிதத்திலிருந்து நிமிராமலே, பேனாவும் கையுமாகத் திருப்பிக் கத்தினார். "மூணை அஞ்சு தடவ பெருக்கிக்கிட்டிருக்கேன்!"