மண்டே ஃபெரியின் இடது கால்

பிரீஜ் ஹானனின் முற்றத்துச் சிமெண்ட் தரையில் மாலக்கி குந்தி உட்கார்ந்ததும், கேட்டில் சாய்ந்து நின்ற நாலைந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அயர்லாந்தில், டிப்பரேரியின் அந்தப் பக்கத்தில் குதிரைக்குட்டியின் காலை அவனைப்போலப் பார்க்கத் தெரிந்தவன் இல்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்ல மறந்த நாட்களில் அவனே சொல்லிக்கொள்வான். குதிரைத் தரகன் ஃபின்டன் தாய்க்குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க, பிரீஜ் குட்டியின் நெஞ்சில் ஒரு கையும் பின்தொடையில் ஒரு கையுமாக அதை நேரே அவனை நோக்கி நடத்திக்கொண்டு வந்தாள். பிறந்து ஒரு மாதம்தான் இருக்கும். செம்பழுப்பு நிறம், அகன்ற நெற்றி, கண்ணில் பயமே இல்லை. முன்னங்கால்கள் இரண்டும் கணுவரை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததுபோல நேராக இறங்கின. வலது கால் தரைவரை நேராகவே இருந்தது. இடது கால் மட்டும் கணுவுக்கு வந்ததும் புத்தி மாறி உள்பக்கம் திரும்பிக்கொண்டது. ஒவ்வொரு எட்டுக்கும் அந்தக் குளம்பு வெளியே ஒரு அரைவட்டம் போட்டுவிட்டு, வலது குளம்பைப் பார்த்தபடி தரையில் இறங்கியது.

இதே காலைத்தான் மாலக்கி போன வாரம் ட்வயர் வீட்டில் பார்த்தான். பாதிரியாருடைய தம்பியின் பண்ணையில் பார்த்தான். அவன் வேலை பார்க்கும் பொலிப்பண்ணையிலேயே இரண்டு குட்டிகளிடம் பார்த்தான். தாய்கள் வேறு வேறு, நிறம் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் அப்பன் அந்தப் பண்ணையின் பொலிகுதிரை மண்டே ஃபெரி.

மண்டே ஃபெரியைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தவன் மாலக்கி. பண்ணை முதலாளி எங்கோ வெளிநாட்டில் இருக்கிறவர், "உன் கண்ணை நம்பி வாங்குறேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பந்தயத்தில் நன்றாக ஓடி ஓய்ந்த குதிரைதான். ஆனால் ஒரு பொலிகுதிரையின் பிள்ளைகள் ஓடிக் காட்ட இரண்டு வருஷம் ஆகும். அதுவரை அதன் பேர் நிற்பது பிள்ளைகளின் கால்களில்தான். முதல் வருஷக் குட்டிகள் கோணலாகப் பிறக்கின்றன என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், அடுத்த வாரமே பெட்டைகளை ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகள் வேறு பண்ணைக்குத் திரும்பிவிடும். இது மே மாதம். மண்டே ஃபெரியிடம் வரவேண்டிய பெட்டைகள் இன்னும் பாதி வரவில்லை.

மற்ற இடங்களில் சமாளித்துவிட்டான். சின்னக் குட்டிதானே, வளர வளர நிமிரும் என்றான். லாடக்காரரை வைத்து குளம்பின் ஓரத்தைக் கொஞ்சம் சீவச் சொன்னான். இங்கே அந்தப் பேச்சு எடுபடாது. குட்டியின் தாய் ஜின்னி, பிரீஜின் ஒரே குதிரை, இதுவரை போட்ட குட்டிகள் அத்தனையும் கால் நேரானவை என்பது கேட்டில் நிற்கும் ஒவ்வொருவனுக்கும் தெரியும். அதில் ஒருவன் அதன் மூத்த மகளையே வாங்கி வைத்திருக்கிறான். புருஷன் செத்த பிறகு பிரீஜ் அந்த வீட்டை ஜின்னியை வைத்துத்தான் ஓட்டுகிறாள்.

ஃபின்டனுக்கு வாய் சும்மா இருக்காது. "என்னண்ணே, அப்பன் காலா, ஆத்தா காலா?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். மாலக்கி சிரிக்கவில்லை. எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான். பிறகு வாயில் வந்ததைச் சொன்னான்.

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க? நான் இளவட்டமா இருந்தப்ப இந்த ஜின்னியோட பாட்டியைப் பார்த்திருக்கேன். இதே இடது கால். ஒரு தலைமுறை பதுங்கி இருந்துட்டு இப்போ வெளிய வந்திருக்கு."

அந்தப் பாட்டிக்குதிரையைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அது தெரிந்துதான் சொன்னான். கேட்டில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஜின்னியின் மகளை வாங்கியவன் முகம் மட்டும் சுருங்கிவிட்டது. கழுத்திலிருந்து நெற்றிவரை பிரீஜுக்குச் சிவந்துபோனது. குட்டியை மெதுவாகத் திருப்பி லாயத்துக்கு நடத்திக்கொண்டு போனாள்.

அன்று வீட்டுக்கு வண்டி ஓட்டிப்போகும்போது மாலக்கிக்கு அந்த வெள்ளை ரோமம் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்பதுகூடப் பொய். அவன் அதை மறந்ததே இல்லை. மண்டே ஃபெரியை வாங்கப் போயிருந்தபோது, அதன் இடது முன்காலில், கணுவின் வெளிப்பக்கம், கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளை ரோமம் கொஞ்சம் இருந்தது. குட்டியாக இருக்கும்போது வேலிக்கம்பி கிழித்தது என்றார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் அதற்கு இன்னொரு அர்த்தம் தெரியும். கோணல் காலோடு பிறந்த குட்டிக்கு, எலும்பு முற்றுவதற்குள் மருத்துவர் ஒரு திருகாணி வைப்பார். கால் நிமிர்ந்ததும் அதை எடுத்துவிடுவார். தோல் மூடிவிடும். கீறிய இடத்தில் ரோமம் மட்டும் வெள்ளையாக முளைக்கும். அப்புறம் அந்தக் குதிரையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கால் நேராகத்தான் இருக்கும். காலை நிமிர்த்தலாம், ரத்தத்தை யார் நிமிர்த்துவது? அதனால்தான் பொலிகுதிரையைப் பார்க்காதே, அதன் பிள்ளைகளைப் பார் என்று எல்லாருக்கும் உபதேசம் செய்வான் மாலக்கி. அவனேதான் செய்வான்.

ஆனால் அன்று குதிரை லாயத்தைவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்ற அழகில் மனசைப் பறிகொடுத்துவிட்டான். அந்தத் தோளும் அந்த நடையும்! கம்பி என்றால் கம்பியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். கண் ஏமாந்துபோயிருந்தால்கூடத் தேவலை, யானைக்கும் அடி சறுக்கும் என்று போய்விடலாம். அவன் கண்ணோ சரியாகத்தான் பார்த்தது. அவன்தான் அதை மூடிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது கோயில் சுவரோரம் பிரீஜ் அவனுக்காகக் காத்திருந்தாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கப்போகிறாள் என்று நினைத்து அவன் ஒருவகையில் தயாராகவே போனான். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், பாரம் குறையும். அவளோ அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் குதிரை பேரைக் கெடுத்துட்டேன் மாலக்கி. முதல் வருஷமும் அதுவுமா, நல்ல பெட்டையா பார்த்து விட்டிருக்கணும் நான். எனக்கு எப்படித் தெரியும் அது ரத்தத்துல இருக்குன்னு?"

அவள் குரலைத் தாழ்த்தி மீதியையும் சொன்னாள். குட்டி யார் கண்ணிலும் படக்கூடாது என்று பின்வயலில், புல் உயரமாக வளர்ந்த இடத்தில் விட்டிருக்கிறாளாம். அங்கே நின்றால் கால் தெரியாதாம். செவ்வாய்க்கிழமை காலையில் ஃபின்டன் வந்து தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஏற்றிக்கொள்கிறானாம். வேண்டாமென்று கழித்துவிட்ட குதிரைகளை ஃபின்டன் எங்கே கொண்டுபோகிறான் என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. யோசித்துச் செய்யுங்கள் என்று மாலக்கி முணுமுணுத்தான். அவ்வளவுதான் சொன்னான். வீட்டில் மனைவி வறுத்த இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்தாள், ஒரு வாய் இறங்கவில்லை. நாலு வசவு வாங்கியிருந்தால்கூட இப்படிக் கூசியிருக்காது. பிரீஜ் மன்னிப்புக் கேட்டுவிட்டாளே! தான் ஒரு மனுஷனா என்று இருந்தது அவனுக்கு.

செவ்வாய்க்கிழமை காலை ஃபின்டனுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று வண்டியை விரட்டினான். போகும் வழியெல்லாம் பேச்சை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தான். பாட்டியைப் பற்றித் தப்பாக ஞாபகம் வைத்திருந்தேன் என்று சொல்லலாம். வேறு ஏதோ குதிரையோடு குழப்பிக்கொண்டேன் என்று சொல்லலாம். ஜின்னியும் காப்பாற்றப்படும், மண்டே ஃபெரியும் பிழைக்கும். அவள் வீட்டு வாசலை மிதிக்கும்வரை அதுதான் திட்டம்.

பிரீஜ் அழுதிருந்தாள். காட்டிக்கொள்ளவில்லை. லாயத்தில் ஜின்னியைச் சீப்பால் வாரி, பிடரியை நீவி, விருந்துக்குப் போகிறவளைப்போலத் தயார் செய்து வைத்திருந்தாள். அவனுக்கு டீ ஊற்றி, ரொட்டியில் வெண்ணெய் தடவி எதிரே வைத்தாள். அவன் கோப்பையைத் தொடவில்லை.

"ஜின்னியைக் குடுத்துராதீங்கக்கா."

"ஏன்? நீதானே சொன்னே."

கட்டிவைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜின்னியோட பாட்டியை நான் பார்த்ததே இல்லக்கா."

அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்தபின்னும் அவள் கத்தவில்லை. கையிலிருந்த கத்தியை வைத்தாள், வெண்ணெய்ச் சட்டியை மூடினாள். எழுந்து வெளியே போனாள். அவனும் பின்னாலேயே போனான். லாயத்திலிருந்து குட்டியை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் முற்றத்துக்கு வந்தாள். உள்ளே ஜின்னி அரைக்கதவுக்கு மேலாகத் தலையை நீட்டிக் கனைத்தது.

"உட்காரு," என்றாள்.

அவன் குந்தினான்.

"எப்பவும் குட்டியைப் பார்த்துச் சொல்லுவியே, தலையிலேயிருந்து கால்வரைக்கும். சொல்லு."

குட்டி நடந்து வந்தது. அவன் சொன்னான். தலை நல்ல தலை. கழுத்து தோளில் உட்கார்ந்திருக்கும் விதம் அருமை. நெஞ்சு ஆழம், முதுகு சின்னது, பின்பக்கம் பலமாக இருக்கிறது. முன்னங்கை நீளம், முட்டி தட்டையாக, பெரிதாக, இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. அவன் சொல்லிக்கொண்டே வர, அவள் ஒவ்வொன்றுக்கும், "இது யாரு குடுத்தது?" என்று கேட்டாள். ஜின்னி, ஜின்னி என்று அவன் பதில் சொன்னான். கணுவுக்கு வந்ததும் அவன் குரல் நின்றுவிட்டது.

"இது?"

"என் குதிரை," என்றான். சொல்லும்போது அவன் தரையைப் பார்த்தான். "வாங்கும்போதே அடையாளம் இருந்துச்சுக்கா. நான் பார்த்தேன்."

தெருமுனையில் ஃபின்டனின் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. மாலக்கி எழப் பார்த்தான்.

"எழுந்திரிக்காதே. மறுபடி சொல்லு, அவனும் கேட்கட்டும்."

ஃபின்டன் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். பிரீஜ் அதற்குமேல் மாலக்கியைத் திரும்பிப் பார்க்கவில்லை. குட்டியைத் திருப்பிக்கொண்டு முற்றத்தின் அந்தக் கோடிவரை நடந்தாள். வண்டி பின்னோக்கி வந்து கேட்டருகே நின்றது. ஃபின்டன் குதித்து இறங்கி ஏற்றுப்பலகையை இழுத்துப் போட்டுவிட்டு, மாலக்கி குந்தியிருப்பதைப் பார்த்து, "என்னண்ணே, இன்னும் அந்தக் காலையா பார்த்துக்கிட்டிருக்கே?" என்று சிரித்துக்கொண்டே வந்தான். மாலக்கி ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டான். அந்தக் கோடியிலிருந்து பிரீஜ் குட்டியைத் திருப்பினாள். அது காதுகளை நிமிர்த்தி, பயமே இல்லாமல், அவனை நோக்கி நேராக நடந்து வரத் தொடங்கியது.