மாத்திரைக்கு முன்னால் ஒரு டம்ளர் பால்

எனக்கு வாய் நீளம். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் மருமகள் சுமித்ராவை நான் சும்மா திட்டவில்லை. காலையில் எழுந்தவள் பத்து மணிக்கெல்லாம் மறுபடி படுத்துவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? சித்திரை வெயிலில் போர்வை கேட்பாள். கோழி மாதிரி கொறிப்பாள், உடம்பு மட்டும் ஊதும். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. விலக்கு இரண்டு மாதம் தள்ளிப்போகும், நாங்களும் வாயெல்லாம் பல்லாக இருப்போம், கடைசியில் ஒன்றுமில்லை என்றாகும்.

மகன் மாதவராஜ் அவளை அரூருக்கு அழைத்துப் போனான். ரத்தம் பார்த்த டாக்டரம்மா தைராய்டு என்றாராம். கழுத்தில் இருக்கும் சின்ன சுரப்பி சோம்பினால் உடம்பே சோம்பிவிடுமாம். தினமும் காலையில் ஒரு மாத்திரை.

மறுநாள் விடிகாலையில் அவள் தண்ணீர் டம்ளரோடு நின்றதைப் பார்த்துப் பதறிவிட்டேன்.

"வெறும் வயித்துலயா போடற?"

"அப்படித்தான் சொன்னாங்க அத்தை."

"அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. குடல் வெந்தா யாரு பாக்கறது?"

எந்த மாத்திரையானாலும் வயிற்றில் ஏதாவது விழுந்த பிறகுதான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அன்றிலிருந்து, கறந்த பாலைச் சொசைட்டிக்கு ஊற்றுவதற்கு முன்னாலேயே ஒரு டம்ளர் எடுத்துக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை போட்டு, "இந்தா கண்ணு, குடி" என்று நீட்டுவேன். குடித்து, மாத்திரையை விழுங்கும்வரை நகரமாட்டேன். பத்து மாதம், ஒரு நாள் தவறவில்லை.

ரத்தச் சோதனையில் வரும் தைராய்டு அளவு குறையவே இல்லை. முதலில் பதினெட்டு. மாத்திரையைக் கூட்டிய பிறகும் பதினாறு, பதினேழு. நாலுக்குக் கீழே வந்தால்தான் குழந்தையைப் பற்றி யோசிக்கலாமாம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தத் தடவையும் குறையலைன்னா காரிமங்கலத்துல அவங்க ஆத்தா வூட்டுலயே கொண்டு போய் வுட்டுடு" என்று மகனிடம் சொன்னேன். சுமித்ரா பக்கத்திலேயே மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தடவை நானே கூடப் போனேன். டாக்டரம்மா சீட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போறேன், இறங்க மாட்டேங்குதே. எப்படிம்மா போடற?"

சுமித்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"பால்லதாங்க. கறந்த சூட்டோட நானே காய்ச்சிக் குடுக்கறேன்" என்றேன், பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாலோட போட்டா இந்த மாத்திரை உடம்புல சரியாச் சேராதும்மா. வெறும் தண்ணியிலதான் போடணும். ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. பாலை இன்னும் தள்ளி வெச்சுக்கணும். மொத நாளே சொல்லி அனுப்பினேனே?"

என் முகம் சுண்டிப்போனது. வெளியே வந்ததும் அவள் மேல்தான் பாய்ந்தேன்.

"ஏண்டி, தெரிஞ்சேதான் குடிச்சியா? உன்னைக் கொண்டு போய் விடச் சொன்னப்பகூட ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"மொத நாளே சொன்னேன் அத்தை."

"அதுக்கப்புறம்?"

அவள் கண் கலங்கிவிட்டது.

"நாள் முழுக்கத் திட்டுவீங்க. அந்த டம்ளரை நீட்டறப்ப மட்டும்தான் கண்ணுன்னு கூப்புடுவீங்க. எப்படி வேண்டாங்கறது?"

பஸ்ஸில் வீடு வரும்வரை என் நீள வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்!

மறுநாள் பால் முழுவதையும் சொசைட்டிக்கு எடுத்து வைத்துவிட்டு, அவளிடம் வெறும் தண்ணீரை நீட்டினேன். கூப்பிட நாக்குக் கூசியது.

"இந்தா கண்ணு" என்றேன்.